மலையில் மருத்துவச்சி, அடிவாரத்தில் செவிலியர்: இருவரும் ஒரே அறையில் நிற்க முடியுமா?

கொருக்குப்பேட்டை மாணவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். சமுதாய சுகாதாரப் பயிற்சிக்காக எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஆறு பேர் வட மாவட்ட மலை ஒன்றில் இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமைதான் வீடு திரும்பினோம். எந்த மலை, எந்த நிலையம் என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே இருப்பவர்கள் மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவராக நின்று செய்கிறார்கள். அவர்கள்மீது குறை சொல்வது என் நோக்கமன்று.

நடந்தது இதுதான். மலைக்கிராமத்துக் கர்ப்பிணிகள் நாள் நெருங்கும்போது முன்கூட்டியே வந்து தங்குவதற்கென்று சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. அப்படியோர் அறைக்கு ஒன்பது மாதம் நிறைந்த பெண்ணொருத்தி வந்து சேர்ந்தாள். இரண்டாவது பிள்ளை. ஊரில் பேறுகாலம் பார்க்கும் பாட்டியும் அவளோடு ஏழு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். வலி வந்தால் பாட்டியும் உள்ளே வரலாமா என்று அவள் கேட்டாள். கூடாது என்று பதில் வந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் அவர்களைக் காணவில்லை. ஊரிலேயே பிள்ளை பிறந்தது என்றும், தாயும் சேயும் நலம் என்றும் பின்னர் தெரிய வந்தது. எங்கள் ஆசிரியை, "இந்த முறை நலம்" என்று மட்டும் சொன்னார்.

தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு என்று 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. மிச்சமுள்ள அந்த 0.4 விழுக்காட்டை நான் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பாட்டியை உள்ளே விட்டிருந்தால் அந்தப் பெண் ஓடிப்போயிருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இது வெறும் இரக்கமா, அல்லது மருத்துவ நியாயமும் இதில் உண்டா? பெரியவர்கள் சொல்லுங்கள்.


பெரம்பூர் ஓய்வு மருத்துவர்

மகளே, உன் இரக்கம் தவறன்று. ஆனால் அந்தப் பாட்டியால் எது முடியாது என்பதிலிருந்து நான் தொடங்குகிறேன், ஏனெனில் முப்பத்து நான்கு ஆண்டுகள் மகப்பேறு மருத்துவராக இருந்தவளுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

பிள்ளை பெற்ற பின் கர்ப்பப்பை சுருங்காமல் உதிரம் கொட்டத் தொடங்கினால், சிகிச்சை இல்லாத தாய்க்கு இருக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி. பேறுகால ஜன்னி என்று ஊரில் சொல்லும் வலிப்புக்கு இரண்டு நாள். பிள்ளை அடைபட்டு நின்றால் மூன்று நாள். நச்சுக் காய்ச்சலுக்கு ஆறு நாள். இவை எங்கள் துறையில் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் தோராயக் கணக்குகள். இந்த இரண்டு மணி நேரத்துக்குள் எவ்வளவு கைராசி உள்ள மருத்துவச்சியாலும் இரத்தத்தை உண்டாக்க முடியாது. ஆக்சிடோசின் ஊசி வேண்டும், அது 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் இரத்தமும் அறுவை அரங்கும் வேண்டும்.

மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்காமலா இருந்தோம்? 1970களிலிருந்து இந்தியா முழுவதும் 'தாயி' (மருத்துவச்சியைக் குறிக்கும் இந்திச் சொல்) பயிற்சி என்ற பெயரில் அதைத்தான் செய்தோம். புதிய பிளேடும் நூலும் சோப்பும் வைத்த பை கொடுத்தோம். தொப்புள்கொடி வழியாக வரும் வில்வாத நோய் (டெட்டனஸ்) குறைந்ததில் அந்தப் பைக்கும் கர்ப்பிணிகளுக்குப் போட்ட தடுப்பூசிக்கும் பங்கு உண்டு. 2015இல் அந்த நோய் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. குழந்தைகள் பிழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தாய்மார்களின் சாவு அந்தப் பயிற்சியால் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. அதனால்தான் 1990களின் இறுதியில் உலகமே பயிற்சி பெற்ற மருத்துவச்சியை விட்டுத் தேர்ச்சி பெற்ற செவிலியரின் பக்கம் திரும்பியது. தமிழ்நாட்டில் 2018–20 காலத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய்மார் இறப்பு 54. நாட்டின் சராசரி 97. இந்த வித்தியாசம் இருபத்து நான்கு மணி நேரமும் விளக்கெரியும் ஆரம்ப சுகாதார நிலையங்களாலும், ஒவ்வொரு தாயின் சாவையும் விசாரித்துக் கேள்வி கேட்ட தணிக்கையாலும் வந்தது. பழமையின்மீதுள்ள பாசத்தால் இதை இழக்க வேண்டாம் என்பதே என் கவலை.


காசிமேடு பேரன்

டாக்டர் அம்மாவின் கணக்கை நான் மறுக்கப் போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு.

என் அப்பாவின் அம்மா காசிமேட்டுக் குப்பத்தில் பிரசவம் பார்த்தவர். எங்கள் தெருவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் அவர் கையில் விழுந்தவர்கள்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது நம் வேலை அன்று என்று சொல்லத் தெரியும். அப்படிச் சொன்ன நாள்களில் கை ரிக்ஷாவைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை ஏற்றி, தானும் கூடவே ஏறி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவார். தமிழ்நாட்டில் கை ரிக்ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. ஆகவே நான் சொல்வது அதற்கு முந்தைய கதை, அப்பா சொல்லக் கேட்டது.

ஒரு தடவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில், பெயர் வேண்டாம், ஆயா ஒருவர் பாட்டியை நிறுத்தி, "நீ கையை வைத்துக் கெடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் எங்கள் தலையில் கட்டுகிறாயா" என்று எல்லார் முன்னாலும் திட்டினாராம். பாட்டி பதில் பேசவில்லை. அந்தப் பெண்ணும் பிழைத்துவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு, சந்தேகம் வந்தால் காலையிலேயே கிளம்பிவிடும் பாட்டி, இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று மாலைவரை காத்திருக்கத் தொடங்கினார் என்று அப்பா சொல்வார். அதன் விலையை யார் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, கொடுத்திருப்பார்கள்.

ஆகவே, அம்மா, அந்தப் பாட்டியால் இரத்தத்தை உண்டாக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் ஒரு மணியைக் காப்பாற்றுவதும் வீணடிப்பதும் அவர் கையில்தான் இருக்கிறது. மலையில் கணவனோ மாமியாரோ முடிவு எடுப்பதற்கு முன் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.


பெரம்பூர் ஓய்வு மருத்துவர்

தம்பி, இதை நான் மறுக்கவில்லை. தாதியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் மூன்று தாமதங்கள் என்று எழுதினார்கள்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நீங்கள் சொல்வது முதல் தாமதம். ஆனால் அந்த ஆயா செய்தது மூன்றாம் தாமதத்தில் தொடங்கி முதல் தாமதத்தை வளர்த்த கதை. இதை இவ்வளவு தெளிவாக எந்த வகுப்பிலும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.


ராயபுரம் செவிலி

இரவுப் பணி முடிந்து வந்து எழுதுகிறேன், நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவ அறையில் நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக நிற்கிறேன். வெளியாள் ஒருவரை உள்ளே விடுவதில் எங்களுக்குள்ள தயக்கம் முழுக்க ஆணவம் என்று தங்கை நினைக்க வேண்டாம். ஒரே அறையில் நான்கு கட்டில்; ஒருத்திக்குத் தலை தெரிகிறது, இன்னொருத்திக்குப் பனிக்குடம் உடைந்திருக்கிறது. அந்த நேரத்தில் "முக்கு, முக்கு" என்று ஒருவர் தானாகக் குரல் கொடுத்தால், கருப்பை வாய் திறக்காமலே அந்தப் பெண் முக்கிக் களைத்துவிடுவாள். வயிற்றைப் பிடித்து மேலிருந்து அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதனால் கர்ப்பப்பை கிழிந்து வந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் தணிக்கைக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லப் போவது பாட்டி அன்று, நான்.

இதைச் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உறவுப்பெண் ஒருவரைப் பிரசவ அறைக்குள் துணையாக அனுமதிக்கும் ஏற்பாடு நம் அரசு மருத்துவமனைகளில் புதிதன்று. பேறுகாலம் முழுவதும் கூடவே ஒருவர் இருந்தால் இயல்பான பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். இடுப்பு வலியின் முதல் கட்டத்தில் படுக்காமல் நடந்தும் நிமிர்ந்தும் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கட்டம் சுமார் ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம் குறைகிறது என்று இன்னொரு தொகுப்பு. மலையில் அந்தப் பாட்டி என்ன செய்கிறார்? படுக்கவிடுவதில்லை. உத்திரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துக் குந்த வைக்கிறார். நாங்களோ உள்ளே வந்ததும் கட்டிலில் ஏற்றிக் காலைத் தூக்கி வைக்கிறோம், ஏனென்றால் எங்களுக்குப் பார்க்க வசதி அதுதான்.

தொப்புள்கொடி விஷயமும் அப்படித்தான். பழைய மருத்துவச்சிகள் பலர் நஞ்சு விழும்வரை கொடியை வெட்ட மாட்டார்கள். அது மூடத்தனம் என்று எனக்குப் படிக்கும்போது சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை வெளியே வந்த உடனே கவ்வி போட்டு வெட்டினோம். இப்போது குறைந்தது ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைக்குச் சேர வேண்டிய இரத்தம் குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் அதே பாட்டிதான் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றச் சொல்வார். சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கச் சொல்வார். இவற்றைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அவர் சொல்வதில் எது சரி, எது தவறு என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். முழுவதையும் ஏற்கிறவர்களும் முழுவதையும் தள்ளுகிறவர்களும் அந்தப் பிரசவ அறையில் ஓர் இரவு நின்றதில்லை என்பது என் எண்ணம்.


எண்ணூர் ஆசிரியர்

செவிலி அக்கா கயிறு என்றதும் எனக்குப் பெரு நாடு நினைவுக்கு வந்தது. நான் புவியியல் ஆசிரியன். ஆண்டிஸ் மலையைப் பற்றிப் படிக்கப் போய் இதில் மாட்டிக்கொண்டேன்.

பெருவின் அயகூச்சோ பகுதியில் சாந்தியானா என்றொரு மலை வட்டாரம். கெச்சுவா மொழி பேசும் மக்கள். 1980களில் ஆயுதக் குழுக்களுக்கும் இராணுவத்துக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்கிய பகுதி. 1999இல் அங்கே நூறு பிரசவத்தில் ஆறுதான் சுகாதார நிலையத்தில் நடந்தது. ஏன் வரவில்லை என்று பெண்களிடமும் அவர்களுடைய மருத்துவச்சிகளிடமும் உட்கார்ந்து கேட்டு, பிரசவம் பார்க்கும் முறையையே அவர்களோடு சேர்ந்து மாற்றி அமைத்தார்கள். நிலையத்தில் கெச்சுவா பேசப்பட்டது. பெண் குந்தியபடி பிடித்துக்கொள்ளக் கயிறும், உட்காரப் பலகையும் வந்தன. கணவரும் குடும்பத்தாரும் மருத்துவச்சியும் உள்ளே வந்தார்கள். செவிலியர் அங்கேயே இருந்தார், ஊசியும் அங்கேயே இருந்தது. மாறியது அறையின் நடைமுறை. 2007இல் நூற்றுக்கு 83 பிரசவங்கள் நிலையத்தில் நடந்தன. இந்த விவரம் 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியாயிற்று. இதற்கிடையில் 2005இல் பெருவின் சுகாதார அமைச்சகம் நிமிர்நிலைப் பிரசவத்துக்கென்று தனி நெறிமுறையே வெளியிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அந்தப் பெண்களின் பயம் மூடநம்பிக்கை அன்று என்பதுதான். 1990களின் பிற்பகுதியில் அந்த நாட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் மலைவாழ் ஏழைப் பெண்கள், பலருக்கு என்ன செய்கிறார்கள் என்றுகூட ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் ஓடுகிறாள் என்றால், ஏன் ஓடுகிறாள் என்பதற்கு அவளிடம் கணக்கு இருக்கிறது. நம் மலையிலும், பிள்ளை பெறப் போனால் கேட்காமல் எதையாவது உள்ளே வைத்துவிடுவார்கள் என்ற பேச்சு இருக்கிறதா என்று மாணவி சொல்ல வேண்டும்.

இமயமலைப் பக்கத்தில் ஒன்று. நேபாளத்தின் மக்வான்பூர் மலை மாவட்டத்தில் பெண்களை மாதம் ஒருமுறை குழுவாகக் கூட்டி, பிரசவத்தில் என்னென்ன தவறாகப் போகும், அதற்கு ஊரே என்ன செய்யலாம் என்று பேச வைத்தார்கள். பேச வைத்தவர் மருத்துவர் அல்லர், உள்ளூர்ப் பெண். பச்சிளங்குழந்தை இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்ததாக 2004இல் வெளியான ஆய்வு. மருந்து மாறவில்லை, பேச்சு மாறியது.


வியாசர்பாடி வாசகர்

ஆசிரியர் தோழர் அருமையாக எழுதினார். ஆனால் இதுவரை எழுதிய ஐவரில் ஒருவரும் கூலியைப் பற்றிப் பேசவில்லையே?

பாட்டிக்கு ஊரில் என்ன கிடைக்கும்? படி அரிசி, வெற்றிலை பாக்கு, ஒரு சேலை, கொஞ்சம் பணம். அதற்கு மேல் ஒரு மரியாதை. அவர் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால் என்ன கிடைக்கும்? அரிசியும் போய்விடும், மரியாதையும் வாசலோடு போய்விடும். பெற்றவளுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி இருக்கிறது. செவிலியருக்குச் சம்பளம் இருக்கிறது. ஓட்டுநருக்குச் சம்பளம் இருக்கிறது. ஏழு கிலோமீட்டர் நடந்து வந்து மூன்று நாள் திண்ணையில் கிடந்த கிழவிக்கு ஒரு வேளைச் சோறு யார் கணக்கில் எழுதப்படும்? "இணைப்பு", "ஒருங்கிணைப்பு" என்று பேசுகிறவர்கள் முதலில் இதற்கு ஒரு வரி ஒதுக்கட்டும்.

குவாத்தமாலாவில் மாயா உள்ளிட்ட நான்கு இன மருத்துவச்சிகளுக்கென்று 2015இல் தேசியக் கொள்கையே வந்தது. கொள்கை வருவதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்கள் வைக்கிற முறையீடு ஒன்றுதான்: நாங்கள் அழைத்து வருகிறோம், எங்களை வாசலில் நிறுத்துகிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் இந்தத் தொழிலைச் செய்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். மருத்துவச்சி என்ற சொல்லை மரியாதையாகச் சொல்லிவிட்டு, பிரசவத் தீட்டைக் கழுவும் வேலையை ஒரு சாதிப் பெண்கள் தலையில் ஏற்றிவைத்த ஊர் இது. அந்த வேலையிலிருந்து அவர்களுடைய பேத்திகள் வெளியே வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. "நம் பாரம்பரியத்தை மீட்போம்" என்று யாராவது இந்த இழையில் தொடங்கினால் அதற்கு நான் உடன்பட மாட்டேன்.


நெறியாளர்

பிரசவ லேகியம், பத்தியம், சித்த மருந்துகள் ஆகியவை பற்றிய பதினோரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே எடுத்த பொருளோடு நில்லுங்கள்.


பெரம்பூர் ஓய்வு மருத்துவர்

நெறியாளர் மன்னிக்க வேண்டும், மருந்தைப் பற்றி ஒரே ஒரு செய்தி, பிறகு பொருளுக்கு வந்துவிடுகிறேன். ரை என்ற தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையை ஐரோப்பிய மருத்துவச்சிகள் பல நூற்றாண்டுகள் பயன்படுத்தினார்கள். கர்ப்பப்பையைச் சுருக்கும். அளவு தெரியாமல் பிரசவத்துக்கு முன்பே கொடுத்தபோது பிள்ளைகள் செத்துப் பிறந்தன, கர்ப்பப்பை கிழிந்தது. 1935இல் அதிலிருந்து எர்கோமெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அளவு கண்டு, பிள்ளை பிறந்த பிறகு மட்டுமே என்று விதி வைத்த பின்னால்தான் அது உயிர்காக்கும் மருந்தாயிற்று. அறிவு மருத்துவச்சியுடையது, அளவும் நேரமும் ஆய்வுக்கூடத்தினுடையவை. மலையில் வலி கூட்டக் கொடுக்கும் கஷாயத்தை நான் தடுப்பது இதனால்தான். அது வேலை செய்யாது என்பதால் அன்று. வேலை செய்யும் என்பதால்.

ஆசிரியர் சொன்ன பெரு நாட்டுக் கதையை எடுத்துப் படித்தேன். அது என் வாதத்துக்கும் பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள். அங்கே மருத்துவச்சி வீட்டில் பிரசவம் பார்க்கத் தொடரவில்லை. பிரசவம் நிலையத்துக்கு வந்தது, அவரும் வந்தார். பாகிஸ்தானின் லர்க்கானாவில், அது மலை அன்று, சிந்துச் சமவெளி, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் பையும் கொடுத்து அவர்களைச் சுகாதாரத் துறையோடு பிணைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2005இல் வெளியாயிற்று. பிறப்பை ஒட்டிய குழந்தை இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. தாய் இறப்பில் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை. நான் முதலில் சொன்னதற்கு இதுவே சான்று.

நம் நாட்டிலேயே பார்ப்பதற்கு இடங்கள் இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி 1993இல் ஓர் ஓலைக் குடிசையில் தொடங்கினார்கள். அப்போது ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். பின்னாளில் அது இருபதை ஒட்டி வந்தது. அவர்கள் வெளியிலிருந்து செவிலியரைக் கொண்டுவந்து நிரப்பவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் செவிலியராகவும் ஊர்ச் சுகாதாரப் பணியாளராகவும் ஆக்கினார்கள். நீலகிரி கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் இதே வழிதான். பணியர், காட்டுநாயக்கர் முதலிய சமூகப் பெண்கள் அங்கே நோயாளிகளாக மட்டுமல்லாமல் ஊழியர்களாகவும் இருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் பதக்சான் மலையில் 2002இல் ஒரு மாவட்டத்தில் தாய்மார் இறப்பு லட்சத்துக்கு 6,500ஐ எட்டியது. அங்கேயும் பின்னர் ஊரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, அவள் ஏறக்குறைய இரண்டாண்டு படித்து மருத்துவச்சியாக ஊருக்கே திரும்பும் திட்டம் வந்தது. ஆகவே பாட்டிக்கு என் மரியாதை உண்டு. ஆனால் பணத்தையும் பயிற்சியையும் நான் அவருடைய பேத்திக்குத்தான் கொடுப்பேன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. 2018இல் திருப்பூரில், இணையக் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்து ஓர் இளம் தாய் இறந்துபோனார். மருத்துவமனைகள் இருக்கும் நகரம் அது. அப்படிப்பட்ட நகரத்து ஆசைகளுக்கு மலைப் பாட்டியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அவருக்கு வேறு வழி இல்லை, நமக்கு இருக்கிறது.


காசிமேடு பேரன்

பேத்திக்குக் கொடுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேத்தி படித்து வரும்வரை, இந்த மாதமும் அடுத்த மாதமும் பிறக்கப் போகிற பிள்ளைகளுக்கு?


ராயபுரம் செவிலி

தம்பி கேட்டதுதான் சரியான கேள்வி. இந்த மாதத்துக்கு என்ன செய்யலாம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பாட்டிக்கு நான் கொடுக்க விரும்புவது மிகக் குறைந்த வேலை. ஆனால் அவரைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை. ஊரில் யார் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டும். கால் வீக்கம், கண் இருட்டல், தலைவலி, ஒரு துளி உதிரம், பிள்ளை அசைவு குறைதல், இவை ஐந்தில் ஒன்று என்றாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நிலையத்துக்கு அவரே உடன் வர வேண்டும், உள்ளேயும் வர வேண்டும், முதுகைத் தேய்த்துக் கையைப் பிடித்து நிற்க வேண்டும். உள்ளே கை வைப்பது நான். வழியிலேயே பிறந்துவிட்டால், பிள்ளை வந்த பிறகு, வயிற்றில் இன்னொன்று இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகு, மிசோப்ரோஸ்டால் மாத்திரை. அதற்குக் குளிர்பெட்டி வேண்டாம். நேபாளத்தில் ஊர்த் தன்னார்வப் பெண்கள் வழியாகவே அதைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பாட்டி கையில் கொடுப்பதா, ஊர்ச் சுகாதாரப் பணியாளர் கையில் கொடுப்பதா என்பதில் எனக்கு இரண்டாவதுதான் சம்மதம்.

இன்னொருவரையும் நாம் மறந்துவிட்டோம்: மந்திரிக்கிறவர். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மலையில் முதலில் அழைப்பது பாட்டியைக்கூட அன்று, அவரைத்தான். வேப்பிலை அடித்து, கயிறு கட்டி, பொழுது விடியட்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பு வரும் அபாயத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று 2002இலேயே பெரிய ஆய்வில் நிறுவிவிட்டார்கள். ஊசி நிலையத்தில் இருக்கிறது, பெண் பூசாரி வீட்டு வாசலில் இருக்கிறாள். அவரோடு சண்டை போட்டு இதுவரை யாரும் வென்றதாக நான் கேள்விப்படவில்லை. கயிறு கட்டட்டும். கட்டிய கையோடு 108க்குச் சொல்லட்டும். சாலை இல்லாத ஊரென்றால் தொட்டில் கட்டித் தூக்க நான்கு ஆளை எழுப்பட்டும். அவர் சொன்னால் நால்வருக்குப் பதில் பத்துப் பேர் எழுந்து வருவார்கள்.


வியாசர்பாடி வாசகர்

சாலை என்றதும் ஒன்று. 2023இல் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்து நடந்ததைப் பார்த்தோம். சாலை இல்லாததால் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நம் பக்கத்திலேயே கன்டெய்னர் லாரி வரிசைக்குள் 108 மாட்டிக்கொண்டு நிற்பதை எண்ணூர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். செவிலி அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் தொட்டிலையே திட்டமாக்கிவிட்டால் சாலை போடும் செலவு அரசுக்கு மிச்சம் என்று ஆகிவிடக் கூடாது.


கொருக்குப்பேட்டை மாணவி

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. "பெற்ற உடனே உள்ளே கம்பி வைத்துவிடுவார்கள்" என்று, கருத்தடைச் சாதனத்தைக் குறிப்பிட்டு, இரண்டு பெண்கள் என்னிடமே சொன்னார்கள். கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள் என்று நான் சொன்னேன். கேட்ட மொழி புரிந்ததா என்று யாரும் பார்க்கவில்லை என்று அவர்களில் ஒருத்தி திருப்பிச் சொன்னாள். தமிழில்தான் கேட்டிருப்பார்கள், அவளும் தமிழ்தான் பேசுகிறாள். ஆகவே மொழி என்று அவள் சொன்னது வேறு எதையோ.

பாட்டியின் சாப்பாட்டுச் செலவைப் பற்றி விசாரித்தேன். காத்திருப்பு அறையில் கர்ப்பிணியோடு தங்கும் ஒருவருக்கு அங்கே உணவு உண்டாம். ஆனால் மாமியார் வந்திருந்ததால் அந்த ஓர் இடம் அவருக்குப் போய்விட்டது. பாட்டி மூன்று நாளும் கொண்டுவந்த கேழ்வரகுக் களியைத்தான் சாப்பிட்டிருக்கிறார். நாங்கள் ஆறு பேரும் அதே கட்டடத்தில்தான் இருந்தோம், கவனிக்கவில்லை.

பயிற்சி அறிக்கையின் இறுதியில் பரிந்துரை எழுத ஒரு பக்கம் இருக்கிறது. அந்த நிலையத்தின் மருத்துவ அலுவலருக்கும் அதன் பிரதி போகும். இப்படி எழுதியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்: "கர்ப்பிணி விரும்பினால், அவளுடைய ஊரில் பேறுகாலம் பார்க்கும் உதவியாளரைப் பிரசவத் துணையாக உள்ளே அனுமதிக்கலாம். உடனிருப்போருக்கான உணவை ஒருவருக்குப் பதில் இருவருக்கு வழங்கலாம். பிரசவ அறையின் ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு நிற்கக் கம்பியோ கயிறோ அமைக்கலாம்."


ராயபுரம் செவிலி

நன்றாக இருக்கிறது. "உதவியாளர்" என்பதை மட்டும் எடுத்துவிடு, தங்கையே. "மருத்துவச்சி" என்றே எழுது. பிரசவப் பதிவேட்டில் உடனிருந்தவர் பெயர் எழுதும் இடத்திலும் அப்படியே எழுதச் சொல்.


பெரம்பூர் ஓய்வு மருத்துவர்

நானும் கையெழுத்திடுவேன். ஒரு வரி சேர்த்துக்கொள்: உள்ளே வருமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வளையல் கழற்ற வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும்.


காசிமேடு பேரன்

என் பாட்டி நகம் வளர்த்து யாரும் பார்த்ததில்லை, அம்மா. அந்த வரி இருக்கட்டும்.